உள்ளே இல்லாத வளையம்

அந்த மருத்துவமனையின் அடித்தளத்தில், கிருமி நீக்கும் நீராவிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நீளமான எஃகு மேசை ஒன்று உண்டு. அறுவைச் சிகிச்சைக்குப் போகும் துணிகளை அங்கேதான் மடிப்பார்கள். மேலே, அறுவை அறையில், கையுறை போட்ட ஒருவர் நுனியைப் பிடித்து இழுத்தால் துணி தானாக விரிய வேண்டும். வெளிப்பக்கம் உள்பக்கத்தைத் தொடக்கூடாது, தரையில் படவும் கூடாது. மடிப்பில் பிசகு இருந்தால் மூட்டை அப்படியே திரும்பி வரும், பின்னாலேயே தலைமை நர்சின் வசவும் வரும். அந்த மேசையில் பாதி ஆயுளைக் கழித்தவள் மடிப்பக்கா. அவளுக்கு வசவு வந்ததாக அங்கே யாருக்கும் நினைவில்லை.

மடிப்பக்கா என்ற பெயரை வைத்தது மருத்துவமனை இல்லை, ராக்கெட் சங்கம். விடுமுறை நாட்களில் ஊருக்கு வெளியே தரிசு வெளியில் கூடி, ஆள் உயரத்துக்கும் மேலான ராக்கெட்டுகளைத் தாங்களே செய்து பறக்கவிடும் கூட்டம் அது. அதில் ஒரு வெல்டர் இருந்தார், மருந்துக் கடைக்காரர் இருந்தார், கணக்கு டீச்சர் ஒருவர் இருந்தார். தலைவர், கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். எல்லோருக்கும் அவர் கடிகாரக்காரர்தான். அவர் வாயால் எண்ணி முடித்தால்தான் எதுவும் மேலே கிளம்பும். மடிப்பக்காவின் தம்பி ஏசி மெக்கானிக். அவன்தான் முதலில் சங்கத்தில் சேர்ந்தான். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அக்கா முன்னால் வந்து நின்றான்.

"அக்கா, உனக்கு மடிக்கத் தெரியும்ல?"

"இத்தன வருஷமா என்னத்தப் பண்றேன்னு நினைச்ச?"

"துணி இல்லக்கா. பாராசூட்டு."

"அதுவும் துணிதானடா."

அப்படித்தான் போனாள். தனியாக இருப்பவள், ஞாயிற்றுக்கிழமை என்றால் துவைப்பது, தூங்குவது, மறுபடி துவைப்பது என்று கிடந்தவள். முதல் ராக்கெட் கிளம்பியபோது காதைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள். அது இறங்கியபோதுதான் நிமிர்ந்தாள். இறங்குவதைப் பார்த்த பிறகு அவளை வீட்டில் கட்டிப்போட முடியவில்லை.

சங்கத்தில் பாராசூட்டைக் குடை என்பார்கள். ராக்கெட் உச்சியைத் தொட்டதும் சின்னக் குடை ஒன்று வெளியே வந்து, அது தலைகுப்புறப் பாயாமல் இழுத்துப் பிடிக்கும். தரை நெருங்கும்போது உள்ளே இருக்கும் உயரமானி ஒரு சிட்டிகை வெடிமருந்தைப் பற்றவைக்கும். பெரிய குடை வெளியே தள்ளப்படும். சொல்வதற்கு இவ்வளவுதான். ஆனால் வேகமாக விழுந்துகொண்டிருக்கும் ஒன்றின் பின்னால் பெரிய குடை படாரென்று விரிந்தால் அந்த உதறலில் கயிறு அறும். இல்லாவிட்டால், குடையையும் ராக்கெட்டையும் இணைக்கும் நாடா குழாயின் விளிம்பில் கத்திபோல இறங்கி, அதை நீளவாக்கில் கிழித்துவிடும். மாதக்கணக்கில் இழைத்து இழைத்துச் செய்த குழாய் வாய் பிளந்து இறங்குவதைப் பார்த்து, மீசை வைத்த ஆண்களெல்லாம் கண்கலங்கியதுண்டு.

மடிப்பக்கா இரண்டு காரியம் செய்தாள். தீப்பிடிக்காத துணியில் ஒரு உறை தைத்தாள். குடை அதற்குள் இருக்கும், கயிறுகள் உறையின் வெளிப்பக்கத்துக் காதுகளில் வளைந்து வளைந்து படுத்திருக்கும். வெளியே வரும்போது முதலில் கயிறு நீளும், கடைசியில்தான் குடை வெளிவரும். இரண்டாவது, எல்லாக் கயிறுகளையும் கோத்துக்கொண்டு குடையின் வாயை ஒட்டி நிற்கும் ஒரு துணி வளையம். குடைக்குக் காற்று ஏற ஏற வளையம் கயிறுகளின் வழியே கீழே சறுக்கி வரும். அது சறுக்கும் நேரத்தில் குடை நிதானமாக விரியும், உதறல் இருக்காது. பெரிய விமானத்திலிருந்து குதிப்பவர்களிடம் இது பழைய பழக்கம்தான் என்று கணக்கு டீச்சர் சொன்னார். இருக்கட்டுமே. இந்தச் சின்னக் குழாய்க்குள் அடங்குகிற மாதிரி அதைக் குறுக்கி, அளவு மாற்றி, தைத்துப் பிரித்துத் தைத்து, தன் வீட்டு மாடியிலிருந்து செங்கல்லைக் கட்டிப் போட்டுப் பார்த்தது அவள்தான். கீழ்வீட்டுக்காரர் தலையைத் தடவிக்கொண்டே வந்து சண்டை போட்டதும் அவளிடம்தான்.

மடிக்கும்போது கயிறுகள் சிக்காமலிருக்க ரப்பர் பேண்டுகளால் கட்டி வைப்பாள். குடையை உள்ளே வைக்கும்போது ஒவ்வொன்றாகக் கழற்றிவிட வேண்டும். ஒன்றை மறந்து உள்ளே விட்டால் குடை விரியாது, மூட்டையாகவே விழும். அதனால் கழற்றுகிற ஒவ்வொன்றையும் இடது மணிக்கட்டில் மாட்டிக்கொள்வாள். பழைய கையுறைகளின் விளிம்பை அவளே வெட்டிச் செய்த, வெளிறிய அகல பேண்டுகள் அவை. ராக்கெட் பத்திரமாகத் தரை தொடும்வரை குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டாள். "என்ன, வளையல் எல்லாம் புதுசா இருக்கு?" என்று நர்சுகள் சீண்டுவார்கள்.

மடித்து மூடியபின் அதை வேறு யாரும் திறக்கக்கூடாது. சங்கத்தில் எழுதாத சட்டம் அது. எண்ணத் தொடங்குமுன் கடிகாரக்காரர் வெளியெங்கும் கேட்கும்படி கத்துவார்: "குடை யார் மடிச்சது?" மடித்தவர் கையைத் தூக்கி, "நான்தான்" என்று சொல்ல வேண்டும். மடிப்பக்காவுக்குத் தன் குரல் பிடித்துப்போனது அந்த ஒரு சொல்லில்தான்.

போன வருஷம் தம்பி தன்னுடைய ராக்கெட்டுகளிலேயே பெரியதைப் பறக்கவிட்டான். குடையை முந்தின நாள் மாலை அவள் வீட்டில் வைத்து மடித்து, குழாய்க்குள் வைத்து மூடிக் கொடுத்தாள். அவன் அதைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போனான். மறுநாள் தரிசு வெளியில் சந்தித்தார்கள். "குடை யார் மடிச்சது?" என்ற குரலுக்கு, பேண்டுகள் நிறைந்த கையைத் தூக்கி அவள் "நான்தான்" என்றாள். பக்கத்தில் தம்பி நின்றான். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

ராக்கெட் அருமையாகப் போனது. சின்னக் குடையும் வந்தது. தரை நெருங்கியபோது வெடிமருந்தின் புகை தெரிந்தது, பெரிய குடையும் வெளியே வந்தது. ஆனால் விரியவில்லை. சுருட்டிய பாய்போல நாடாவின் நுனியில் அது ஆட, ராக்கெட் வண்டிகள் நிறுத்தியிருந்த பக்கமாக வந்து ஈர மண்ணில் கழுத்துவரை இறங்கியது. கடிகாரக்காரர் அப்போதுதான் எழுந்து வந்திருந்த முக்காலி சல்லிசல்லியாக உடைந்தது. யாருக்கும் அடிபடவில்லை. மடிப்பக்கா நின்ற இடத்திலேயே நின்றாள்.

தம்பிதான் முதலில் ஓடினான். மற்றவர்கள் வருமுன் குடையைச் சுருட்டித் தன் பைக்குள் திணித்துக்கொண்டு, மண்ணைத் தோண்டத் தொடங்கினான். எல்லாம் முடிந்து வண்டியில் திரும்பும்போது மெல்லச் சொன்னான்.

"அக்கா, மனச தேத்திக்கோ. கயித்துல ஒரு ரப்பர் பேண்டு இருந்துச்சு."

அவள் மணிக்கட்டைப் பார்த்தாள். எல்லாம் இருப்பதுபோலத்தான் பட்டது. "எல்லாத்தையும் எடுத்தேனேடா..."

"விடுக்கா. மனுஷங்களுக்கு மறக்காதா? நான் யார்கிட்டயும் சொல்லல. வளையம் சிக்கிக்கிச்சுன்னு சொல்லிட்டேன். உன் பேரு கெடாது."

அவள் அழுதாள். அழுதுகொண்டே, "நீ நல்லா இருப்படா" என்றாள்.

அதன் பிறகு சங்கத்தில் வளையம் வைக்கக்கூடாது என்று முடிவானது. ஆளைக் கொல்லப் பார்த்த சமாச்சாரம் என்று வெல்டர் சொன்னார். மறுத்துப் பேச அவளுக்கு வாய் வரவில்லை. தான் பெற்ற பிள்ளைபோன்ற வளையத்தைத் தானே பழிக்கு விட்டுவிட்டு, தன் பேரைக் காப்பாற்றிக்கொண்ட வெட்கம் அவளைத் தின்றது. சங்கத்துக்குப் போவதை நிறுத்தினாள். மருத்துவமனையில் மடிக்கும் மேசையிலிருந்து தன்னை மாற்றும்படி அவளே கேட்டாள். காரணம் கேட்டதற்கு முதுகுவலி என்றாள். ஒரு பேண்டை மறந்த கை, நாளைக்கு யாருடைய வயிற்றைத் திறக்கும்போது எதை மறக்குமோ என்று பயம். அழுக்குத் துணிகளைத் தரம் பிரிக்கும் பக்கம் போட்டார்கள். தம்பி மட்டும் அடிக்கடி வந்து பார்த்தான். பழம் வாங்கி வருவான், ஃபேனுக்கு எண்ணெய் விடுவான். இப்படி ஒரு தம்பி யாருக்கு வாய்க்கும் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டாள்.

இந்த வருஷம் மழை விட்ட ஒரு பகலில் தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் வேலைக்குப் போயிருந்தான். தம்பி மனைவி பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்க அண்ணி. அந்தக் கிளிப்ப கொஞ்சம் எடுத்துக் குடுங்களேன், கைல ஈரத்துணி."

"எங்க இருக்கு?"

"அந்தப் பைலதான். கம்பில தொங்குது பாருங்க."

கம்பியில் தொங்கியது மடிப்பக்காவின் உறை. உள்ளே பச்சையும் மஞ்சளுமாகத் துணிக் கிளிப்புகள். கயிறுகளுக்காக அவள் தைத்த காதுகளில் இரண்டைக் கம்பியில் மாட்டி, வாகாகத் தொங்கவிட்டிருந்தாள் தம்பி மனைவி.

மடிப்பக்கா அதைக் கழற்றி உள்ளும் புறமும் திருப்பினாள். கிளிப்புகள் தரையில் சிதறின. ஒருமுறை பறந்த துணியில் வெடிமருந்தின் கரி ஏறிவிடும், எத்தனை முறை அலசினாலும் போகாது, நாற்றமும் போகாது. இதில் கரி இல்லை. முகர்ந்து பார்த்தாள். சோப்பு வாசனை மட்டும்தான் இருந்தது.

"இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"இதுவா? அந்தப் பெரிய ராக்கெட்டு விழுந்துச்சே, அன்னிக்குக் காலைல உங்க தம்பி சாப்பாட்டு மேசைல எல்லாத்தையும் பிரிச்சுப் பரப்பிட்டு உக்காந்திருந்தாரு. கேமரா வைக்கணுமாம், இடம் பத்தலையாம். இத ஓரமாத் தூக்கிப் போட்டாரு. துணி கெட்டியா இருக்கேன்னு நான் எடுத்து வச்சுக்கிட்டேன். ஒரு வளையம்கூட இருந்துச்சு, பாப்பா உருட்டி விளையாடித் தொலைச்சுட்டா. ஏன் அண்ணி, உங்களுக்கு வேணுமா? கழுவித்தான் வச்சிருக்கேன்."

மடிப்பக்கா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். தம்பி மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள், வெயில் என்று நினைத்து விசிறினாள்.

அங்கிருந்து நேரே பட்டறைக்குப் போனாள். தம்பி ஒரு ஏசியைப் பிரித்து, வடிகட்டிக்குத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தான்.

"என்னக்கா, இந்த நேரத்துல? டியூட்டி இல்லையா?"

அவள் உறையை மேசைமேல் வைத்தாள். உள்ளே இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு மஞ்சள் கிளிப் உருண்டு விழுந்தது. அவன் குழாயை மூடினான்.

"இது... இது பழசுக்கா. வேற."

"வேறயா? என் தையல் எனக்குத் தெரியாதாடா?"

அவன் கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

"நாலு விரக்கடை இடம் பத்தலக்கா. கேமராவுக்குத் தனியா ஒரு பேட்டரி வேற. உன் உறையும் வளையமும் அந்த இடத்த அடைச்சுக்கிட்டு இருந்துச்சு."

"என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா விட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல."

கோபத்தை மீறி அவளுக்குச் சிரிப்பு வந்தது. சின்ன வயதிலும் அவன் இப்படித்தான். மிட்டாயை எடுத்துத் தின்றுவிட்டு, கேட்டால் தர மாட்டாய் என்பான். சிரிப்பு வந்த வேகத்திலேயே அடங்கியது.

"அந்த ரப்பர் பேண்டு?"

"என்னோடதுதான். பழைய மாதிரி சுருட்டும்போது கயித்துல போட்டேன். அவசரத்துல எடுக்க மறந்துட்டேன்."

"அப்புறம் நான் எல்லார் முன்னாடியும் கையத் தூக்கி, நான்தான் மடிச்சேன்னேனே. பக்கத்துலதான நின்ன."

"நீ சொல்லிட்டியேக்கா. நீ சொன்னதுக்கப்புறம் நான் எப்படி மாத்திச் சொல்றது?"

"தப்புப் பண்ணினத விடுடா. யாரும் பண்றதுதான். வண்டில வரும்போது என் கையப் புடிச்சுக்கிட்டு, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொன்ன பாரு. நான் உனக்கு நன்றி சொன்னேன். ஒரு வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கேன். அத எப்படிடா வாங்கி வச்சுக்கிட்ட?"

அவன் தலையைக் குனிந்தான். கண்ணில் நீர் தெரிந்தது. "ஞாயித்துக்கிழம எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன். சத்தியமா. நீயும் வா."

அவள் உறையை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டாள். அதைத் தொடப் பிடிக்கவில்லை. அதோடு, அவன் அழுததை நம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை தரிசு வெளியில் எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "மடிப்பக்கா வந்தாச்சு, இனிமே நம்ம ராக்கெட்டெல்லாம் ஒழுங்கா வீடு திரும்பும்" என்றார் மருந்துக் கடைக்காரர். தம்பி முன்னால் வந்து தொண்டையைச் செருமினான்.

"எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும். போன வருஷம் நடந்தத மறந்துடுவோம். அக்காவோட வளையத்துக்கு இன்னொரு சான்ஸ் குடுக்கலாம்னு நான் கேட்டுக்கறேன். நானே பொறுப்பு."

கை தட்டினார்கள். பெரிய மனசு என்று வெல்டர் அவன் முதுகில் தட்டினார்.

"சொல்லுடா," என்றாள் மடிப்பக்கா.

"அதான் சொன்னேனேக்கா."

"அன்னிக்கு வளையம் உள்ளயே இல்ல," என்று அவள் சத்தமாகச் சொன்னாள். "காலைல இவன் பிரிச்சு எடுத்துட்டான். நான் மடிச்சது பறக்கவே இல்ல. பேண்டும் இவனோடது."

கைதட்டல் நின்றது. எல்லோரும் தம்பியைப் பார்த்தார்கள். அவன் அவளைப் பார்க்கவில்லை. கடிகாரக்காரரைப் பார்த்து, வருத்தமாகச் சிரித்தான்.

"ஒரு வருஷமா இப்படித்தாங்க. அந்த அடி அக்கா மனசுலேர்ந்து இன்னும் போகல. பேண்டு இருந்தத நானே யார்கிட்டயும் சொல்லல, பாவம்னு."

கணக்கு டீச்சர் அவள் தோளில் கை வைத்தார். "உக்காருங்கக்கா. தண்ணி குடிங்க." யாருடைய முகத்திலும் வெறுப்பில்லை. எல்லோரும் அவளுக்காகப் பரிதாபப்பட்டார்கள். குழந்தையோடு வந்திருந்த தம்பி மனைவியாவது வாய் திறப்பாள் என்று திரும்பிப் பார்த்தாள். அவள் குழந்தையின் செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். மாட்டி முடித்த பிறகும் நிமிரவில்லை. பட்டறையில் விட்டுவந்த உறை இந்நேரம் எந்தக் குப்பையில் கிடக்கிறதோ.

கொஞ்சம் கழித்துத் தம்பி பக்கத்தில் வந்து குந்தினான். "கோவப்படாதக்கா. அடுத்த மாசம் என்னை செயலாளரா போடப்போறாங்க. இப்ப போய் இத எப்படிச் சொல்றது? வளையத்ததான் திரும்பக் கொண்டாந்துட்டேன்ல? உனக்கு அதுதான வேணும். வா, என் குடைய மடிச்சுக் குடு."

"நீயே மடிச்சுக்கோ."

"அக்கா..."

"உனக்குத்தான் நல்லா வருமே."

அவனே மடித்தான், பழைய முறையில், வளையமில்லாமல். கடிகாரக்காரர் கத்தினார். "நான்தான்" என்று அவன் கையைத் தூக்கினான். எண்ணி முடித்ததும் ராக்கெட் வானத்தைக் கிழித்துக்கொண்டு போனது.

மடிப்பக்கா எல்லோரையும்போல அண்ணாந்து நின்றாள். சின்னக் குடை வந்தது. ராக்கெட் ஆடி ஆடி இறங்கியது. புகை தெரிந்தது; பெரிய குடை மூட்டையாக வெளியே வந்தது. ஒரு கணம் மூட்டையாகவே நின்றது.

விழட்டும் என்று நினைத்தாள்.

நினைத்தது அவளுக்கே கேட்டது. கீழே ஆட்கள் நின்றார்கள், குழந்தை நின்றது, வண்டிகள் நின்றன. இத்தனை வருஷத்தில், தனக்குப் பிடிக்காதவரின் ராக்கெட்கூட விழ வேண்டும் என்று அவள் நினைத்ததில்லை. மேலே போன எதுவும் அப்படி விழக்கூடாது என்பதற்காக மட்டுமே இந்த வெளிக்கு வந்தவள்.

குடை படாரென்று விரிந்தது. நாடா குழாயின் விளிம்பில் இறங்கிக் கிழித்துக்கொண்டு போனது; கிழிந்த குழாயோடு ராக்கெட் பத்திரமாகத் தரை தொட்டது. தம்பி ஓடினான். பின்னாலேயே கூட்டமும் ஓடியது.

கடிகாரக்காரர் மட்டும் ஓடவில்லை. தொலைநோக்கியில் அந்தக் கிழிசலை வெகுநேரம் பார்த்தவர், அதை இறக்கிக்கொண்டு அவளிடம் வந்தார்.

"வளையம் வச்சு நீங்க மடிச்சது எதுவும் இப்படிக் கிழிஞ்சதில்ல. அன்னிக்கு விழுந்துச்சே, அதுல குடைய எல்லாருக்கும் முந்தி எடுத்துப் பைல வச்சுக்கிட்டது உங்க தம்பிதான?"

"ஆமா."

"ஏன்னு நான் அப்பவே கேட்டிருக்கணும். இப்ப சொல்லுங்கம்மா. முதல்லேர்ந்து சொல்லுங்க, நான் கேக்கறேன்."

ஒரு வருஷமாகத் தெரியாமலும், இந்த வாரம் முழுக்கத் தெரிந்தும், அவள் ஏங்கியது இந்த ஒரு கேள்விக்குத்தான். அவள் வாயைத் திறந்தாள். தூரத்தில் தம்பி, கிழிந்த குழாயைத் தூக்கிப் பிடித்து யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான்.

"இப்ப வேண்டாங்க," என்றாள். "இப்ப சொன்னா, அவன் நாசமாப் போகணும்னு சொல்ற மாதிரி இருக்கும். இன்னொரு நாள் உங்க கடைக்கு வந்து சொல்றேன்."

"வருவீங்கல்ல?"

"வருவேன். அவன் என் தம்பிங்கற வலி கொஞ்சம் ஆறட்டும்."

தம்பி மனைவி வண்டியருகே நின்று, "அண்ணி, வாங்க, போலாம்" என்று கூப்பிட்டாள். குரல் உடைந்திருந்தது. மடிப்பக்கா கேட்காததுபோல வெளியைக் கடந்து, பெரிய சாலையை நோக்கி நடந்தாள். பேருந்து நிறுத்தம் வெகுதூரம். செருப்பில் அப்பிய ஈரமண் ஒவ்வொரு அடிக்கும் கனத்தது. நின்று உதறிவிட்டு மறுபடி நடந்தாள்.